மூக்கை நீட்டினால் ஆள் தெரியும்

ஜார்ஜ்டவுனிலிருந்து பெர்ரி வந்து பட்டர்வொர்த் ஜெட்டியில் ஒட்டுகிறது. வேலை முடிந்த கூட்டம் மொத்தமாக இறங்கி வருகிறது. அந்தக் கூட்டத்தில் உங்கள் அப்பாவைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? இமை கொட்டும் நேரம் போதும். சரி, அப்பாவின் மூக்கு எத்தனை சென்டிமீட்டர் நீளம்? அவருடைய இரண்டு கண்களுக்கும் நடுவில் இடைவெளி எவ்வளவு?

தெரியாது, இல்லையா? எனக்கும் என் அப்பாவின் மூக்கு அளவு தெரியாது. தினமும் பார்த்த முகம், ஆனால் அளவு ஒன்றுகூட மனத்தில் இல்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பத்திரிகையில் ஒரு கேலிச்சித்திரம் வருகிறது. அதில் தலைவரின் மூக்கு முருங்கைக்காய் மாதிரி நீண்டிருக்கிறது, கன்னம் வீங்கியிருக்கிறது, கழுத்தையே காணோம். அளவு எல்லாமே தப்பு. ஆனாலும் பார்த்த உடனே "அட, இவரா!" என்று சிரிக்கிறோம். தப்பான படத்தில் சரியான ஆள் தெரிவது எப்படி?

இந்த மாதம் இதைத்தான் பார்க்கப் போகிறோம், தம்பி தங்கைகளே. துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். அவருடைய முதல் புத்தகம் வெளிவந்தது நம் பினாங்கில்தான். அவர்தான் கேலிச்சித்திரக்காரர் லாட்.

லாட்டின் முழுப்பெயர் முகமது நோர் காலிட். 1951 மார்ச் 5 அன்று பேராக் மாநிலத்தில், கோப்பெங் பக்கம் உள்ள கோத்தா பாரு என்ற கிராமத்தில் பிறந்தார். கிளந்தானில் இருக்கும் பெரிய கோத்தா பாரு வேறு, இது வேறு. ரப்பர் மரமும் ஈயச் சுரங்கமும் சூழ்ந்த ஊர். அப்பா ராணுவத்தில் குமாஸ்தா. பையனின் முகம் உருண்டையாக இருந்ததால் வீட்டார் அவனை 'புலாட்' என்று கூப்பிட்டார்கள். மலாய் படிக்கிற உங்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. அது தேய்ந்து 'லாட்' ஆகிவிட்டது. அந்த வீட்டார் செய்த காரியத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். அந்த முகத்தில் கண், புருவம், காது, பல் என்று எத்தனையோ இருக்க, எல்லாவற்றையும் விட்டுவிட்டு உருண்டையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இது நமக்குப் பின்னால் தேவைப்படும்.

பிறகு குடும்பம் ஈப்போவுக்குக் குடிவந்தது. பையன் படம் வரைந்துகொண்டே இருந்தான். 1964-இல், 13 வயதில், ஒரு சித்திரக் கதையை வரைந்து பினாங்கிலிருந்த சினாரான் பிரதர்ஸ் பதிப்பகத்துக்கு அனுப்பினான். மூன்று நண்பர்கள் திருடனைப் பிடிக்கும் கதை, பெயர் 'தீகா செக்காவான்'. அனுப்பியது யாரோ பெரியவர் என்று நினைத்துக்கொண்ட பதிப்பகத்தார் புத்தகத்தை வெளியிட்டு 25 வெள்ளியும் கொடுத்தார்கள். தபாலில் போன படத்தில் வயது தெரியவில்லை, பாருங்கள்!

அந்த வயதில் அவருக்கு வழிகாட்டியவர் ரெஜாப்ஹாட் என்ற கேலிச்சித்திரக்காரர். ரெஜாப்ஹாட் பினாங்கில் பிறந்தவர், ராணுவத்தில் வேலை பார்த்தவர். மலாய்க் கேலிச்சித்திரக்காரர்கள் பிற்காலத்தில் அவரைத் தங்கள் 'பெங்ஹுலு' என்றே அழைத்தார்கள். கிராமத் தலைவரைக் கூப்பிடுகிற அதே சொல்தான்.

லாட்டுக்கு 17 வயதானபோது, 1968-இல், 'பெரித்தா மிங்கு' ஞாயிறு பத்திரிகையில் 'கெலுவார்கா சி மாமாட்' என்ற தொடர் தொடங்கியது. வாரா வாரம் 26 ஆண்டுகள் அதை வரைந்தார். ஆனால் பள்ளி முடித்துக் கோலாலம்பூர் போனபோது ஓவியர் வேலை கிடைக்கவில்லை. 1970-இல் 'பெரித்தா ஹரியான்' நாளிதழில் குற்றச் செய்தி நிருபராகச் சேர்ந்தார். போலீஸ் நிலையம், விபத்து நடந்த இடம், நீதிமன்றம் என்று அலைகிற வேலை. ஐயோ பாவம் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விதவிதமான முகங்களை, அழுகிறவரை, பொய் சொல்கிறவரை, கொட்டாவி விடுகிற காவலரை அருகில் நின்று பார்க்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஓவியனுக்கு ஏது?

1974-இல் ஹாங்காங்கிலிருந்து வந்த 'ஏசியா மேகசின்' இதழில், மலாய்ச் சிறுவர்களின் சுன்னத்துச் சடங்கைப் பற்றி லாட் வரைந்த படங்கள் வெளிவந்தன. 'நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' தலைமை ஆசிரியர் லீ சியூ யீ அதைப் பார்த்து அசந்துபோய், வரைந்த ஆளைத் தேடிப் பிடிக்கச் சொன்னார். தேடினால், ஆள் அதே நிறுவனத்தில்தான் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறார்! அதன்பின் செய்தி எழுதும் வேலை குறைந்து படம் வரையும் வேலை வந்தது. 1975-இல் லண்டனில் செயின்ட் மார்ட்டின் ஓவியப் பள்ளிக்கு நான்கு மாதப் படிப்புக்கு அனுப்பினார்கள். 1979-இல் வந்த 'கம்போங் பாய்' அவரை உலகத்துக்குக் காட்டியது. பிற்பாடு டத்தோ பட்டமும், 2002-இல் ஜப்பானின் ஃபுக்குவோக்கா விருதும் வந்தன.

லாட் படங்களில் அடிக்கடி ஓர் ஆசிரியை வருவார். வண்ணத்துப்பூச்சி இறக்கை போல ஓரம் தூக்கிய மூக்குக்கண்ணாடி. அதைப் பார்த்ததுமே வகுப்பு கப்சிப். ஈப்போவில் அவருக்குப் பாடம் சொன்ன திருமதி ஹியூ என்ற ஆசிரியையை வைத்துதான் அந்தப் பாத்திரம் பிறந்தது. அந்த ஆசிரியையை நீங்களும் நானும் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தக் கண்ணாடியை மட்டும் ஒரு தாளில் வரைந்து காட்டினால், லாட் படம் படித்தவர்கள் முழு ஆசிரியையையும் கண்டுகொள்வார்கள்.

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். முதல் கேள்வி: தோலின் நிறம் இல்லை, நிழல் இல்லை, வெறும் கறுப்புக் கோடு. அதை எப்படி மூளை முகம் என்று ஒத்துக்கொள்கிறது?

1950களின் கடைசியில் அமெரிக்காவில் டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர் பூனையின் மூளையில் பார்வைக்கான பகுதியை ஆராய்ந்தார்கள். மெல்லிய கம்பி ஒன்றை ஒரு நரம்பணுவின் பக்கத்தில் வைத்து, பூனையின் கண்முன் திரையில் புள்ளிகளைக் காட்டினார்கள். கறுப்புப் புள்ளி, வெள்ளைப் புள்ளி, எதற்கும் அணு அசையவில்லை. மணிக்கணக்கில் முயன்றார்கள். ஒரு கண்ணாடிச் சில்லைக் கருவிக்குள் செருகும்போது திடீரென்று அணு படபடவென்று துடித்தது. என்ன நடந்தது? சில்லில் இருந்த புள்ளிக்கு அதில் பங்கே இல்லை. சில்லின் விளிம்பு திரையில் போட்ட மெல்லிய நிழல்கோடுதான் அந்த அணுவை எழுப்பியிருந்தது. அந்த அணு காத்திருந்தது ஒரு கோட்டுக்காக, அதுவும் குறிப்பிட்ட ஒரு சாய்வில் இருக்கும் கோட்டுக்காக. செங்குத்துக் கோட்டுக்கு ஓர் அணு, சாய்ந்த கோட்டுக்கு வேறோர் அணு. 1981-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதாவது, கண் கொண்டுவரும் காட்சியில் மூளை முதல் வேலையாகத் தேடுவது விளிம்புகளை. கன்னம் எங்கே முடிகிறது, உதடு எங்கே தொடங்குகிறது என்பதை. கேலிச்சித்திரக்காரர் அந்த விளிம்பை மட்டும் வரைந்து கொடுத்துவிடுகிறார். மூளைக்குப் பாதி வேலை மிச்சம்.

முகம் என்றால் நம் மூளைக்குத் தனிப் பிரியம். காதுக்குப் பின்பக்கம், மூளையின் அடிப்பாகத்தில், முகத்தைப் பார்த்தால் மிகுதியாக வேலை செய்யும் ஒரு பகுதி உண்டு. 1997-இல் நான்சி கன்விஷர் குழுவினர் அதைத் தெளிவாகக் காட்டினார்கள். அதற்கு முகம் எங்கேயும் தெரியும், இல்லாத இடத்திலும் தெரியும். உங்கள் வீட்டுச் சுவரில் மூன்று ஓட்டை பிளக் இருக்கிறதல்லவா? தலையைச் சாய்த்து அதைத் தலைகீழாகப் பாருங்கள். இரண்டு கண், ஒரு நீள வாய். கையால் தொட வேண்டாம், பார்த்தால் போதும்! சிலருக்கு இந்த முகம் அறியும் திறன் பிறவியிலேயே குறைவாக இருக்கும். சொந்த அம்மாவைக்கூடக் குரலை வைத்தோ நடையை வைத்தோதான் அவர்கள் அறிவார்கள். கண்பார்வையில் அவர்களுக்கு எந்தக் குறையும் இருக்காது.

இரண்டாவது கேள்விதான் சுவையானது. ஏன் மிகைப்படுத்த வேண்டும்? உள்ளபடி வரைந்தால் இன்னும் நன்றாகத் தெரியாதா?

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த சூசன் பிரென்னன் 1982-இல் இதற்காகவே ஒரு கணினி நிரல் எழுதினார். முதலில் பல முகங்களை அளந்து சராசரி முகம் ஒன்றை உண்டாக்கினார். அது யாருடைய முகமும் இல்லை, எல்லாருடைய முகமும் கலந்தது. பிறகு ஒருவரின் முகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொரு புள்ளியும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கணக்கிட்டார். அந்த விலகலை மட்டும் பெருக்கினார். நீள மூக்கு இன்னும் நீண்டது, சின்ன வாய் இன்னும் சிறுத்தது. சராசரியாக இருந்தவை அசையாமல் அப்படியே நின்றன. கணினி தானாகவே ஒரு கேலிச்சித்திரம் வரைந்துவிட்டது.

1987-இல் ஜில்லியன் ரோட்ஸ் என்ற உளவியலாளர் பிரென்னனோடும் சூசன் கேரியோடும் சேர்ந்து சோதனை நடத்தினார். தெரிந்தவர்களின் முகங்களை மூன்று விதமான கோட்டுப் படங்களாகக் காட்டினார்கள்: உள்ளபடி வரைந்தது, மிகைப்படுத்தியது, விலகலைக் குறைத்துச் சராசரிப் பக்கம் நகர்த்தியது. பார்த்தவர்கள் எதை விரைவாக அடையாளம் கண்டார்கள் தெரியுமா? மிகைப்படுத்திய கேலிச்சித்திரத்தை! உள்ளபடி வரைந்த படம் அதற்கு அடுத்தது. சராசரியாக்கிய படத்தில் ஆளைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் ஆனது.

ஜெட்டிக் கேள்விக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. மூளை அப்பாவின் மூக்கை சென்டிமீட்டரில் எழுதி வைக்கவில்லை. 'வழக்கமான மூக்கைவிடக் கொஞ்சம் நீளம், புருவம் கொஞ்சம் அடர்த்தி' என்று வித்தியாசத்தை மட்டும் வைத்திருக்கிறது. லாட்டின் வீட்டார் 'புலாட்' என்று கூப்பிட்டபோது செய்ததும் இதே கணக்குதான்.

"அப்படியென்றால் சராசரி முகம் எல்லாருக்கும் ஒன்றா, சார்?" என்று ஒரு தங்கை கேட்டாள். நல்ல கேள்வி. ஒன்று இல்லை. நாம் எந்த முகங்களைப் பார்த்து வளர்கிறோமோ அவற்றிலிருந்துதான் நம் மூளை சராசரியைச் செய்துகொள்கிறது. ஒரே இனத்தார் முகங்களையே பார்த்து வளர்ந்தவருக்கு மற்ற இனத்தவர் எல்லாரும் ஒரே மாதிரி தெரிவார்கள். அவர்களிடையே உள்ள வித்தியாசம் பிடிபடாது. இதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. பல இன முகங்களோடு பழகப் பழக இந்தத் தடுமாற்றம் குறையும். மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர் என்று எல்லாரையும் வரைந்த லாட்டுக்கு ஈப்போ தெருக்களும் பள்ளியும் இந்தப் பயிற்சியைக் கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். பட்டர்வொர்த் சந்தைக்கு அம்மாவோடு போகிற உங்களுக்கும் அது இலவசம்.

மிகைப்படுத்தினால் மூளை ஏன் துள்ளுகிறது என்பதற்குக் கடற்புறா ஒன்று துப்புக் கொடுத்தது. ஹெர்ரிங் கடற்புறாவின் அலகு மஞ்சள், அதில் ஒரு சிவப்புப் பொட்டு. குஞ்சு அந்தப் பொட்டைக் கொத்தினால் தாய் இரையைக் கக்கி ஊட்டும். நிக்கோ டின்பர்கன் என்ற விலங்கியலாளர் தாய்ப்பறவைக்குப் பதிலாக அட்டைத் தலைகளைக் காட்டினார். குஞ்சு கொத்தியது. தலையே இல்லாமல், வெள்ளைப் பட்டைகள் போட்ட ஒரு மெல்லிய சிவப்புக் குச்சியை நீட்டினார். தாயைப் போலச் செய்த தலைக்குக் காட்டியதைவிட அதிக உற்சாகத்தோடு குஞ்சு அதைக் கொத்தியது! தாயைப் போலவே இல்லாத குச்சி, ஆனால் குஞ்சின் மூளை தேடுகிற குறி அதில் கூடுதலாக இருந்தது. டின்பர்கனுக்கு 1973-இல் நோபல் பரிசு.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு கலிஃபோர்னியாவில் மூளை ஆராய்ச்சி செய்த வி.எஸ். ராமச்சந்திரன் இந்தக் குச்சியைப் பிடித்துக்கொண்டார். 1999-இல் வில்லியம் ஹெர்ஸ்டைனோடு எழுதிய கட்டுரையில், நல்ல கேலிச்சித்திரம் நமக்கு அந்தச் சிவப்புக் குச்சிதான் என்று வாதாடினார். சோழர் காலச் செப்புச் சிலைகளில் இடை மிக மெலிந்து, உடல் மூன்று இடத்தில் வளைந்து நிற்பதையும் இதே வழியில் விளக்கினார். எல்லா அறிஞர்களும் இதை ஏற்றுக்கொண்டதாக நினைக்க வேண்டாம். கலையை இப்படி ஒரு குச்சிக்குள் அடக்கலாமா என்று சண்டை போட்டவர்கள் உண்டு. எனக்கும் சிலையைப் பற்றிச் சொன்னது கொஞ்சம் இழுப்பாகத்தான் படுகிறது. கேலிச்சித்திரத்துக்குச் சொன்னது பொருந்துகிறது. இன்னொன்று, ராமச்சந்திரன் பிறந்ததும் 1951-இல்தான். ஒருவர் சென்னையில் படித்துக் காரணத்தைத் தேடினார், மற்றவர் பேராக்கில் காரணம் கேட்காமலே வரைந்து தள்ளினார்.

காரணம் தெரியாத காலத்திலும் தந்திரம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். 1831-இல் பாரிஸில் ஷார்ல் ஃபிலிப்போன் என்ற பத்திரிகைக்காரரை, மன்னர் லூயி ஃபிலிப்பைக் கேலி செய்தார் என்று நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அவர் அங்கேயே நான்கு படங்கள் வரைந்தார். முதலாவது மன்னரின் முகம். இரண்டாவதில் தாடை கொஞ்சம் அகன்றது. மூன்றாவதில் இன்னும் அகன்றது. நான்காவது வெறும் பேரிக்காய். "எந்தப் படத்தில் குற்றம் தொடங்குகிறது?" என்பதுதான் அவர் வாதம். தண்டனையிலிருந்து தப்பவில்லை. ஆனால் அதன்பின் பாரிஸ் சுவர்களில் பேரிக்காய் வரையாத பையன் இல்லை. பிரென்னனின் கணினி செய்ததை, 150 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கையால் செய்துவிட்டார்.

நம் பக்கத்திலும் கேலிச்சித்திரத்துக்கு வயதாகிவிட்டது. சென்னையில் பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' வார இதழில் 1906 முதலே கருத்துப்படங்கள் வந்தன. சிங்கப்பூரில் வெளியான 'உத்துசான் ஸமான்' இதழில் 1939-இல் 'வாக் கெத்தோக்' என்ற பாத்திரம் பிறந்தது. அப்துல் ரஹிம் காஜாய் யோசனை சொல்ல, அலி சானாட் வரைந்தார்.

அந்தக் காலப் பத்திரிகைக்குக் கோட்டுப் படம் ஏன் அவ்வளவு பிடித்தது? அச்சு இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் தெரியாது. மை ஒட்டும், அல்லது ஒட்டாது, நடுவில் ஒன்றும் கிடையாது. படத்தை அச்சிட 'பிளாக்' செய்வார்கள். வரைந்த படத்தைப் புகைப்படச் சுருளில் எடுத்து, ஒளி பட்டால் இறுகும் பூச்சு தடவிய துத்தநாகத் தகட்டின்மேல் அதன் வழியாக வெளிச்சம் பாய்ச்சுவார்கள். கோடு விழுந்த இடத்தில் பூச்சு இறுகிவிடும். பிறகு தகட்டை அமிலத்தில் போட்டால், பூச்சில்லாத இடங்களை அமிலம் தின்றுவிடும். கோடுகள் மட்டும் மேடாக நிற்கும். அதில் மையைத் தடவித் தாளில் அழுத்தினால் படம். புகைப்படம் என்றால் அதைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைக்க வேண்டும், மட்டமான பத்திரிகைத் தாளில் அந்தப் புள்ளிகள் ஊறி முகம் கலங்கிவிடும். கேலிச்சித்திரத்தின் கறுப்புக் கோடு மட்டும் பளிச்சென்று நிற்கும். அதனால்தான் கேலிச்சித்திரக்காரர்கள் பென்சிலை விட்டு மைப்பேனாவைப் பிடித்தார்கள். நிழல் வேண்டுமென்றால் நெருக்கமாகக் கோடு கோடாக இழுத்தார்கள்.

மறுபடி லாட்டிடம் வருவோம். அவர் ஒரே முகத்தை எத்தனை காலம் வரைந்திருக்கிறார் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. முதல் முறை 22 ஆண்டுகள் பிரதமராக இருந்த மகாதீரைப் பற்றிய அவருடைய கேலிச்சித்திரங்களைத் தொகுத்து 2004-இல் 'டாக்டர் ஹூ?!' என்று தனிப் புத்தகமே வந்தது.

நீங்களும் ஒரு கேலிச்சித்திரம் வரைந்து பாருங்கள். பத்து நண்பர்களின் மூக்கு நீளத்தை அளவுகோலால் அளந்து சராசரி எடுங்கள். 4 சென்டிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வரையப் போகிற நண்பனின் மூக்கு 4.4 என்றால் வித்தியாசம் 0.4. அதை இரட்டிப்பாக்கி 4.8-ஆக வரையுங்கள். வாயின் அகலம், கண்ணிடைவெளி, நெற்றி உயரம் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. சராசரியைவிடக் குறைவாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். கண்களைத் தலையின் பாதி உயரத்தில் வையுங்கள். உச்சந்தலை முடியையும் சேர்த்து அளந்தால் கண் நடுவில்தான் இருக்கிறது. நம்மில் பாதிப்பேர் அதை மேலே தூக்கி வைத்து நெற்றியே இல்லாமல் செய்துவிடுகிறோம். வித்தியாசத்தைப் பத்து மடங்காக்கினால் ஆளே காணாமல் போய்விடுவார், அதையும் ஒருமுறை செய்து பாருங்கள். முதல் படம் உங்களுடையதாக இருக்கட்டும். கண்ணாடி பார்த்து வரையுங்கள். அடுத்தவர் மூக்கைப் பிறகு நீட்டலாம், அவர் சரி என்றால்.

பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இதைச் செய்தபோது பிள்ளைகள் என்னைத்தான் வரைவோம் என்று அடம்பிடித்தார்கள். அளவுகோலை யாரும் எடுக்கவே இல்லை. எல்லாத் தாளிலும் வழுக்கைத் தலை, எல்லாத் தாளிலும் தொங்குகிற கண்ணாடி. காது ஏறக்குறைய யாருமே வரையவில்லை. பிறகு அளந்து பார்த்தோம். என் காது சராசரிதான்.